டி. கல்லுப்பட்டி வட்டாரத்தில் இயன்முறை உதவியாளர்: பதவியில்லாத ஒரு பணியும் அதன் எல்லைகளும்

1. பொருளும் களமும்

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவரை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலிருந்து ஊருக்கு அழைத்து வரும் குடும்பத்தின் கையில் ஒரு சீட்டு இருக்கும். மாத்திரைகளின் பெயர்களுக்குக் கீழே, பிசியோதெரபி தொடர வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கும். மாத்திரைகளை டி. கல்லுப்பட்டி கடைவீதியிலேயே வாங்கிவிடலாம். அந்தக் கடைசி வரியை எங்கே போய் வாங்குவது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

இயன்முறை மருத்துவத்தில் இரண்டு வேலைகள் உண்டு. நோயாளியின் உடலைச் சோதித்து, எது போயிற்று, எது மீளும், எந்தப் பயிற்சியை எந்த வரிசையில் தருவது என்று முடிவு செய்வது ஒன்று. முடிவான பயிற்சியை நாள் தவறாமல் நோயாளியோடு இருந்து செய்விப்பது மற்றொன்று. முதல் வேலைக்கு உரியவர் பட்டம் பெற்ற இயன்முறை மருத்துவர். இரண்டாவது வேலையை அவரும் செய்வார். ஆனால் பெரும்பகுதியைச் செய்ய அவருக்கு நேரம் இராது. அந்த இரண்டாவது வேலைக்கென்றே பயின்றவரைத்தான் இங்கே இயன்முறை உதவியாளர் என்கிறேன். உலகத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாடு இவ்விருவருக்கும் தனித்தனி எண் தருகிறது: இயன்முறை மருத்துவருக்கு 2264, உதவியாளருக்கும் டெக்னீசியனுக்கும் 3255. அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த இரண்டாம் தொழிலுக்குக் கல்லூரிப் படிப்பு இருக்கிறது. நம் ஊர்ப்புறத்தில் அந்த வேலை நடக்கிறது, அதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கென்று ஒரு பதவி மட்டும் இல்லை.

களமாக டி. கல்லுப்பட்டியை எடுத்துக்கொள்கிறேன். பேரையூர் வட்டத்தில், திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் உள்ள பேரூராட்சி இது. சுற்றுக் கிராமங்களுக்கு ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமும் இதுவே. மதுரை நாற்பது கிலோமீட்டருக்கு மேல். மானாவாரி பூமி, பருத்திக்காட்டிலும் சோளக்காட்டிலும் குனிந்து நிமிர்ந்து முதுகும் மூட்டும் தேய்ந்தவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. நன்றாக நடப்பவருக்கு மதுரை ஒரு பேருந்துப் பயணம்தான். நடக்க முடியாதவருக்கோ கார் பிடிக்க வேண்டும், தூக்க இருவர் வேண்டும், அந்த இருவரின் ஒரு நாள் கூலியும் போக வேண்டும். வாரம் மூன்று நாள் அப்படிப் போய்வா என்று ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்திடம் சொல்வது, போகாதே என்று சொல்வதாகவே முடியும்.

2. ஒன்றியத்துக்கு ஒருவர்

இந்தத் தூரத்தைக் குறைக்கத் தமிழ்நாட்டு அரசு செய்த பெரிய முயற்சி மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அது தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டிலேயே மாத்திரை தருவது அதன் அறியப்பட்ட முகம். ஆனால் இயன்முறை சிகிச்சையையும் நோய் ஆதரவு சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்ததுதான் அதன் துணிச்சலான பகுதி என்பேன். வட்டாரந்தோறும் ஓர் இயன்முறை மருத்துவர், ஒரு நோய் ஆதரவுச் செவிலியர், போய்வர வண்டி. ஊருக்குள் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பல்முகமைப் பணிக்குழு இத்திட்டத்துக்கு விருது வழங்கியது. படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்குப் படித்த ஒருவர் வந்து, கட்டிலருகே உட்கார்ந்து, காலைத் தொட்டுப் பார்ப்பது கரிசல் கிராமத்து ஏழை வீட்டுக்கு முன்பு அறியாத மரியாதை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அதன் போதாமையைப் பேச வேண்டும்.

போதாமை எளிய கணக்கில் தெரியும். ஓர் இயன்முறை மருத்துவர் நாளுக்கு எட்டு வீடு போகிறார், மாதம் 25 நாள் வேலை என்று வைப்போம். 200 வீட்டுப் பயணம் ஆயிற்று. ஒன்றியத்தில் 100 பேருக்குத்தான் அவர் தேவை என்று குறைத்து வைத்தாலும் ஒருவருக்கு மாதம் இரண்டு தடவை. பக்கவாதத்தில் செயலிழந்த கை மீள்வதற்கு ஒரே அசைவு நாள்தோறும் பல தடவை திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். மூளை புதுப் பாதை போட்டுக்கொள்வது அந்தத் திரும்பச் செய்தலில்தான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருகிறவர் எவ்வளவு திறமைசாலி ஆனாலும் அந்த இடைப்பட்ட பதினான்கு நாளை அவரால் நிரப்ப முடியாது.

அந்தப் பதினான்கு நாளை இன்று யார் நிரப்புகிறார்கள்? பெரும்பாலும் மனைவி, மருமகள், வயதுக்கு வந்த மகள். எப்போதாவது வந்து விசாரிக்கும் தன்னார்வலர். பள்ளி வயதுக் குழந்தையானால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர். மதுரையில் ஒரு கிளினிக்கில் கரண்ட் வைத்தும் மெழுகு ஒத்தடம் கொடுத்தும் பழகியபின் ஊர் திரும்பி, வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் இளைஞர். எண்ணெய் தேய்த்து உருவிவிடும் வைத்தியர். இயன்முறை உதவியாளரின் வேலை இவர்கள் அனைவரிடமும் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. ஒருவரிடமும் முழுமையாக இல்லை. ஒருவர் செய்வதை மற்றவர் அறிவதுமில்லை.

3. இந்தப் பணி முன்பு எப்படி உருவானது

உதவியாளர் என்ற வகை அமெரிக்காவிலிருந்து நாம் இறக்குமதி செய்ய வேண்டிய ஒன்று எனப் பலர் எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டிலேயே அதற்கு ஒரு வரலாறு உண்டு. அது தொழுநோயோடு சேர்ந்த வரலாறு.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1948-இல் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்யத் தொடங்கினார். அறுவை அதில் பாதிதான். அதுவரை வேறொரு அசைவுக்குப் பழகியிருந்த தசை, இனி விரலை நீட்டும் வேலையைப் புதிதாகக் கற்க வேண்டும். அறுவைக்கு முன்பு விறைத்த மூட்டுகளை இளக்க வேண்டும். அறுவைக்குப் பின்பு வாரக்கணக்கில் விரல் விரலாகப் பயிற்சி தர வேண்டும். அந்த அளவுக்கு நேரம் கொடுக்க முழுப் படிப்புப் படித்த இயன்முறையாளர்கள் நாட்டில் ஏது? மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு இயன்முறைப் பள்ளி தொடங்கியதே 1953-இல்தான்.

வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆய்வு மையம் இந்த இடைவெளியை நேராகச் சந்தித்தது. பிசியோ டெக்னீசியன் என்ற பணியாளர்களை அது பயிற்றுவித்தது. தசையின் வலுவைச் சோதித்துக் குறிப்பது, உள்ளங்கையிலும் பாதத்திலும் உணர்ச்சி எங்கே மரத்துவிட்டது என்று படம் வரைவது, வறண்ட பாதத்தை நீரில் ஊறவைத்து எண்ணெய் பூசக் கற்றுத் தருவது, விரலுக்குச் சிம்பு செய்வது, மிருதுவான ரப்பர் அடித்தளம் கொண்ட செருப்பைப் பார்த்துக் கொடுப்பது ஆகியவை அவர்கள் வேலை. தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது அங்கீகரிக்கப்பட்ட பணியாகவே இருந்தது. மருத்துவப் பட்டம் இல்லாத இவர்கள் காப்பாற்றிய கைகளும் பாதங்களும் ஏராளம். நரம்பு பழுதாவதைத் தொடக்கத்திலேயே கண்டு சொன்னால்தான் கை முடங்காமல் தடுக்க முடியும். அதைக் கண்டு சொல்லும் வேலை கிராமத்தில் இவர்களிடமே இருந்தது.

பின்னர் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது, நோய் குறைந்தது, தனித் திட்டமாக இருந்தது பொதுச் சுகாதாரத்தோடு இணைக்கப்பட்டது. கூடவே இந்தப் பணியாளர் வகையும் சுருங்கிப்போனது. எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. நோய் போனதில் அல்ல. அந்த நோய் நமக்குக் கற்றுத் தந்த ஏற்பாட்டை வேறு நோய்களுக்கு நாம் மாற்றிக்கொள்ளாததில். தொழுநோய் குறைந்துகொண்டு வந்த அதே காலத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பக்கவாதமும் கிராமங்களுக்குள் வந்துகொண்டிருந்தன. கரிகிரியின் டெக்னீசியன் மரபை அப்போதே அவற்றின் பக்கம் திருப்பியிருக்கலாம்.

அமெரிக்காவில் இதே கேள்வி வேறு வழியில் வந்தது. அங்கே தேவை பெருகி ஆட்கள் போதாமல் போனபோது, 1967-இல் அந்நாட்டு இயன்முறைச் சங்கம் உதவியாளர் என்னும் பிரிவை ஏற்றது. மியாமி டேட் கல்லூரியிலும் மினியாபொலிசில் ஒரு கல்லூரியிலும் இரண்டாண்டுப் படிப்பு தொடங்கியது. 1969-இல் முதல் பதினைந்து பேர் படித்து வெளிவந்தனர். இன்று அங்கே தேர்வு எழுதி உரிமம் பெற்றுத்தான் உதவியாளராக முடியும். சங்கமே முன்வந்து எல்லை வகுத்ததால், உதவியாளர் தன் தொழிலைப் பறித்துவிடுவார் என்ற அச்சம் இயன்முறை மருத்துவருக்குப் பெருமளவு குறைந்தது. விலையிலும் ஒரு வேறுபாடு வந்தது: 2022 முதல், உதவியாளர் செய்யும் வெளிநோயாளர் சிகிச்சைக்கு அந்நாட்டு அரசின் மெடிகேர் காப்பீடு வழக்கமான தொகையில் 85 விழுக்காடுதான் தருகிறது.

4. கைவேலையின் நுட்பம்

உதவியாளர் செய்வது கையைக் காலை ஆட்டிவிடுவதுதானே என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதியைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

பக்கவாதத்தில் விழுந்த கையை எடுத்துக்கொள்வோம். தோள்பட்டை மூட்டு ஆழமான குழியில் உட்கார்ந்ததன்று. சுற்றியுள்ள தசைகளே அதைப் பிடித்து நிறுத்துகின்றன. முதல் வாரங்களில் அந்தத் தசைகள் தளர்ந்து துவண்டு கிடக்கும். அப்போது நோயாளியை எழுப்ப வீட்டார் என்ன செய்வார்கள்? அந்தக் கையைப் பிடித்தே இழுப்பார்கள். அல்லது அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள். மூட்டு கீழே சரியும். வலி பிடிக்கும். வலி பிடித்த நோயாளி அதற்குப் பிறகு எந்தப் பயிற்சிக்கும் கையைத் தரமாட்டார். இப்படி, அன்பு மிகுந்தவர்களின் கையாலேயே மீளக்கூடிய ஒரு கை மீளாமல் போகிறது. பழகிய உதவியாளர் தோள்பட்டை எலும்பைப் பின்னாலிருந்து ஏந்திப் பிடிப்பார். நோயாளியைப் பக்கவாட்டில் உருட்டி, கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, பிறகே உட்கார வைப்பார். முழுவதும் ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைக் கற்றுக்கொள்ள பல நாள் பழக்கம் வேண்டும்.

கட்டிலும் ஒரு செய்திதான். நடுவில் குழிந்துபோன கயிற்றுக் கட்டிலில் மாதக்கணக்கில் கிடந்தால் இடுப்பும் முழங்காலும் மடங்கியபடியே இறுகிவிடும். பலகையோ பெஞ்சோ போதும் என்பதை வீட்டுக்குள் வந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். கழிப்பறை போக எழுந்து நிற்க வேண்டும் என்பதே நோயாளிக்கு மிகப் பெரிய ஆசை. ஆகவே நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கும் பயிற்சியை அந்த ஆசையோடு சேர்த்துக் கற்பித்தால் அவர் சலிக்காமல் செய்வார். நடக்கப் பழகும்போது உதவுகிறவர் நிற்க வேண்டியது பலவீனமான பக்கம். வீட்டார் பலரும் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு நடத்துகிறார்கள். நோயாளி தடுமாறினால் விழுவது மறுபக்கம்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை விறைப்பால் இரு கால்களையும் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்ளும். நம் தாய்மார் குழந்தையை இடுப்பில் கால் விரித்து உட்கார வைத்துத் தூக்கும் பழக்கம் அந்தக் குழந்தைக்கு மிக நல்லது. குழந்தை வளர்ந்து பாரமானதும் படுத்த வாக்கில் இரு கைகளில் ஏந்தத் தொடங்குகிறார்கள், விறைப்பு கூடுகிறது. இதைச் சொல்லித் தர மருந்து வேண்டாம், கருவி வேண்டாம். மாதம் ஒரு முறை மதுரையில் கூடும் முகாம் வரிசையில் சொல்வதைவிட, அந்தத் தாய் குழந்தையைத் தூக்கும் கணத்தில் அருகே இருந்து சொல்வதே பயன்படும்.

சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவருக்கு, வலி குறையட்டும் என்று வீட்டார் எச்சக் காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். சில வாரத்தில் முழங்கால் மடங்கியபடி இறுகிவிடும்; அதன்பின் செயற்கைக் கால் பொருந்துவது கடினம். அவரைத் தினமும் சிறிது நேரம் குப்புறப் படுக்கச் சொல்ல வேண்டும். கட்டுத்துணியை நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் எட்டு வடிவில் சுற்ற வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் நுனி வீங்கும். செயற்கைக் கால் வாங்கித் தர அரசுத் திட்டம் உண்டு. அது வரும்வரை எச்சக் காலைப் பொருந்தும் நிலையில் காத்து வைக்க ஆள் இல்லை என்றால், வந்த கால் பரணுக்குப் போகும்.

5. எல்லைக்கோடு

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாவிட்டால் நான் தவறான பக்கம் நின்றவன் ஆவேன். உதவியாளர் செய்யக்கூடாதவை உண்டு. நோயாளியை முதலில் மதிப்பிடுவது, நோயைப் பெயரிடுவது, சிகிச்சைத் திட்டம் வகுப்பது, அதை மாற்றுவது, போதும் என்று நிறுத்துவது ஆகியவை இயன்முறை மருத்துவருக்கே உரியவை. அமெரிக்க, கனடிய விதிகள் இதில் உறுதியாக இருக்கின்றன. நாமும் அவ்வாறே இருக்க வேண்டும்.

திட்டத்துக்கு உள்ளே உதவியாளருக்குச் சிறிது சுதந்திரம் தேவை. பத்து முறை எழுந்து நின்றவர் தெம்பாக இருந்தால் பதினைந்து ஆக்கலாம்; மூச்சு வாங்கினால் ஐந்தாகக் குறைக்கலாம். வாக்கரிலிருந்து ஊன்றுகோலுக்கு மாற்றுவது வேறு செய்தி. அதற்கு இயன்முறை மருத்துவர் வந்து பார்க்க வேண்டும்.

எப்போது கையை எடுத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்க வேண்டும் என்பது உதவியாளரின் படிப்பில் முதல் பாடமாக இருக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அங்கே இரத்தம் உறைந்திருக்கலாம். அதைப் பிடித்து உருவிவிடுவது உயிருக்கே ஆபத்து. எண்ணெய் தேய்ப்பவருக்கும் பயின்ற உதவியாளருக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஓர் இடத்திலேயே காணலாம். நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல், புதிதாகப் பேச்சுக் குழறுதல், அழுத்திவிட்டு எடுத்தாலும் மறையாத தோல் சிவப்பு எல்லாம் இவ்வகையே. உணர்ச்சி மரத்த சர்க்கரைக் காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் கிளப்புவது கிராமங்களில் அடிக்கடி நேரும் கேடு. இதய முடுக்கி பொருத்தியவருக்குக் கேட்காமல் கரண்ட் வைப்பது அதைவிடப் பெரிய கேடு. உதவியாளராகப் பழகியவர் பெயர்ப்பலகை வைத்துத் தன்னையே மருத்துவராகக் காட்டிக்கொள்ளும்போது இந்தக் கேடுகள் தொழிலாகவே ஆகிவிடுகின்றன. எல்லை தெரியாதவரைத் திட்டித் தீர்ப்பதில் பயனில்லை. எல்லையோடு கூடிய ஒரு பதவியை நாம் கொடுக்காததால்தான் அவர் எல்லையில்லாத ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டார்.

6. குடும்பமே போதுமா

வீட்டாருக்கே கற்றுக்கொடுத்துவிட்டால் என்ன, இடையில் ஒருவர் எதற்கு என்ற வாதம் உண்டு. இதை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்தார்கள். அட்டெண்ட் என்ற பெயரில் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில், பக்கவாதம் வந்த 1,250 பேரிடம் ஆய்வு நடந்தது. லூதியானா கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் துரை பாண்டியன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மறு பிரிவில் குடும்பத்தில் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே முறையாகப் பயிற்சி தரத் தொடங்கி, வீட்டுக்குப் போனபின்னும் இரண்டு மாதம் வரை தொடர்ந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தோரும் பிறரைச் சார்ந்தே வாழும் நிலையில் இருந்தோரும் இரு பிரிவிலும் ஒரே அளவு: 47 விழுக்காடு. 2017-இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. குடும்பத்தார்மீது வேலையை மாற்றிவிடும் சேவைகளில் பணம் போடுவதை இம்முடிவு ஆதரிக்கவில்லை என்றும், சுகாதார உதவியாளர்களிடமோ குழுவாக இயங்கும் சமூகப் பணியாளர்களிடமோ வேலையைப் பகிர்ந்தால் என்ன ஆகும் என்பதை இனி ஆராய வேண்டும் என்றும் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

மருமகளுக்கு அன்பு குறைந்ததால் வந்த முடிவு என்று இதைப் படிக்கக் கூடாது. அவள் காலையில் களையெடுக்கப் போகிறாள். அல்லது நூறு நாள் வேலை. திரும்பிவந்து சமையல், மாடு, பிள்ளைகள். நடுவே மாமனாரின் கையை முப்பது தடவை மடக்கி நீட்ட வேண்டும். சரியாகத்தான் செய்கிறோமா என்று கேட்க ஆளில்லை. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத வாரங்களில் தெம்பு சொல்லவும் ஆளில்லை. குடும்பத்தின் பங்கு தவிர்க்க முடியாதது. ஆனால் குடும்பத்தையே சேவையாகக் கணக்கு வைப்பது அநியாயம். உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளைப் பார்த்துக்கொள்பவருக்குத் தமிழ்நாட்டு அரசு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. வீட்டுக்குள் நடக்கும் இந்த உழைப்பு உழைப்புதான் என்று அரசு ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம். அந்தத் தொகையோடு பயிற்சியும் மேற்பார்வையும் சேர்ந்தால்தான் அது சிகிச்சையாகும்.

இடையில் ஒருவரை வைத்து இயங்கும் முன்மாதிரியும் தெற்கே இருக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் அது. கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்பயிற்சியில் 1975-இல் முதுகெலும்பு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தச் சங்கத்தில் ஊர்ப் பெண்கள் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயின்று வீடுகளுக்குப் போகிறார்கள். இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் ஆகியோர் அவர்களுக்குப் பின்னே நிற்கிறார்கள். கைபேசிச் செயலி வழியாகக் குழந்தையின் முன்னேற்றம் இரு தரப்புக்கும் தெரிகிறது. இதில் வியக்க வைப்பது தொழில்நுட்பம் அன்று. பணியாளர் தனியாக விடப்படவில்லை என்பதே.

7. தொடுதலும் மதிப்பும்

தமிழ்ச் சமூகத்தில் பிறர் உடலைத் தொட்டுச் செய்யும் வேலைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. கிராமத்தில் முடி வெட்டியவரே கட்டியை அறுத்தார், புண்ணுக்கு மருந்து வைத்தார். அவர் வீட்டுப் பெண்ணே பிரசவம் பார்த்தார். அந்த அறிவால் ஊரே வாழ்ந்தது. அறிவுக்கு உரிய மதிப்பை மட்டும் சாதி தரவில்லை. நவீன மருத்துவமனைக்குள்ளும் அந்த அடுக்கு வேறு பெயரில் நுழைந்திருக்கிறது: உடலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறாரோ அவ்வளவு உயர்ந்தவர், நோயாளியைத் தூக்கித் துடைத்துப் புரட்டுபவர் கடைசி.

இயன்முறை உதவியாளர் என்ற பதவியை உருவாக்கும்போது இந்தக் கடைசி இடத்துக்கே அவரைத் தள்ளிவிடும் ஆபத்து நிஜமானது. மாத ஊக்கத்தொகை, தற்காலிக ஒப்பந்தம், தன்னார்வலர் என்ற அழகிய பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதுதான் நடக்கும். தன்னார்வலர் என்பவர் மனமுவந்து வருகிறவர். வாழ்க்கைக்காக நாள் முழுவதும் வேலை செய்பவரை அப்படி அழைப்பது அவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை மறுப்பதற்கே பயன்படுகிறது. இந்த வேலைக்கு வருவோர் பெரும்பாலும் பெண்களாகவும், ஒடுக்கப்பட்ட சாதியினராகவும் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். எந்தத் தெருவுக்குள் யார் போகலாம், எந்த வீட்டில் யார் யாரைத் தொடலாம் என்ற கேள்விகளும் கூடவே வரும். சீருடை, அடையாள அட்டை, நிலையான ஊதியம், வட்டார மருத்துவ அலுவலரின் வெளிப்படையான ஆதரவு ஆகியவை இல்லாமல் ஓர் இளம்பெண்ணை இதற்குள் அனுப்பக் கூடாது.

8. சட்டமும் படிப்பும்

2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய இணை மற்றும் நலவாழ்வுத் தொழில்முறையினர் ஆணையச் சட்டம் இரண்டு படிகளைப் பிரித்தது. இணைத் தொழில்முறையினருக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுக்குள் 2,000 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு. நலவாழ்வுத் தொழில்முறையினருக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுக்குள் 3,600 மணி நேரத்துக்குக் குறையாத பட்டப்படிப்பு. இயன்முறை மருத்துவர் இந்த இரண்டாம் படியில் உறுதியாக நிற்கிறார். முதல் படியில் அவருக்குத் துணை நிற்கும் ஒருவரை வைப்பதற்குச் சட்டத்தின் கட்டமைப்பே இடம் தருகிறது என்பது என் வாசிப்பு.

அதற்குள் பயன்படுத்தக்கூடிய சிறிய படிப்புகளும் இருக்கின்றன. இந்திய மறுவாழ்வு மன்றமும் மெல்போர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021-இல் தொடங்கிய சமூகம் சார்ந்த உள்ளடக்கிய வளர்ச்சிப் படிப்பு ஆறு மாதம். சித்த மருத்துவத் துறையில் சிகிச்சை உதவியாளர் என்ற அரசுப் பணியிடமே உண்டு; அதற்குரிய பட்டயப் படிப்பும் உண்டு. எண்ணெய், ஒத்தடம், தொக்கணம் (உருவிவிடுதல்) ஆகியவற்றுக்குப் பயின்ற உதவியாளர் தேவை என்று ஒரு துறை ஏற்கும்போது, பக்கவாத நோயாளியை எழுப்பி நிறுத்தப் பயின்ற உதவியாளர் தேவையில்லை என்று இன்னொரு துறை எப்படிச் சொல்லும்?

டி. கல்லுப்பட்டிக்கு என்று ஒரு முன்மொழிவு சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்வேன். ஒவ்வொரு வீட்டையும் முன்பே அறிந்த மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களிலிருந்து விருப்பமுள்ளவர்களைத் தேர்ந்து, ஊதியத்தோடு பயிற்றுவிப்பது. பயிற்சியின் பாதி ராஜாஜி மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவில், பாதி வட்டார இயன்முறை மருத்துவரோடு வீடுகளில். முடித்தபின் ஒருவருக்குச் சில ஊராட்சிகள். நோயாளி வீட்டில் ஒரு நோட்டு. திட்டத்தை மருத்துவர் எழுதுவார், அன்றன்று செய்ததை உதவியாளர் எழுதுவார். வட்டார இயன்முறை மருத்துவர் எட்டு வீட்டுக்கும் தானே பயிற்சி கொடுப்பதை விட்டு, புது நோயாளிகளை மதிப்பிடவும் பழைய திட்டங்களைத் திருத்தவும் நேரத்தைச் செலவிடுவார். அவர் அருமை அப்போதுதான் முழுமையாகப் பயன்படும்.

இந்த ஊருக்கு இது புதிய சிந்தனையும் அன்று. 1940-இல் கோ. வேங்கடாசலபதி தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இங்கேதான் இருக்கிறது. கிராமப் பொருளியலைச் சிந்தித்த ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை, 1960-இல் மறையும் வரை, அங்கேதான் கழித்தார். கிராமத்துக்கு வேண்டிய திறமையைக் கிராமத்தாரிடமே வளர்க்க வேண்டும் என்பதைக் கதரிலும் கைத்தொழிலிலும் ஆதாரக் கல்வியிலும் செய்துகாட்ட முயன்ற இடம் அது. உடலை மீட்கும் கைத்திறனும் அந்த வரிசையில் சேரத் தகுந்ததே.

9. இன்று தேடும் வீட்டாருக்கு

பதவி வரும்வரை காத்திருக்க நோயாளியால் முடியாது. ஆகவே இருப்பதைக் கொண்டு தேடும் வழி. முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைப் பதிந்து, மக்களைத் தேடி மருத்துவத்தின் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வரும் நாளைக் கேட்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் வாரத்திலேயே இதைச் செய்வது நல்லது. பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம் விலைமதிப்பற்றது. குழந்தையானால் வட்டார வள மையம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

இயன்முறை மருத்துவர் வரும் அன்று, தினமும் பயிற்சி கொடுக்கப்போகிறவர் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும். அது மருமகளோ, தன்னார்வலரோ, கூலிக்கு வரும் இளைஞரோ யாரானாலும் சரி. மருத்துவர் செய்து காட்டுவதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு மருத்துவர் முன்னிலையில் இவர் ஒரு முறை செய்துகாட்ட வேண்டும்.

வெளியிலிருந்து ஆள் வைப்பதானால் அவரிடம் மூன்று செய்திகளைக் கேட்கலாம். எங்கே பயின்றார், இப்போது எந்த இயன்முறை மருத்துவரின் கீழ் செய்கிறார், எந்த நிலையில் பயிற்சியை நிறுத்துவார். மூன்றாவதுக்கு உடனே பதில் சொல்கிறவரை நம்பலாம். இத்தனை நாளில் நடக்க வைக்கிறேன் என்று உறுதி தருகிறவரை அனுப்பிவிடலாம். நோயாளியைப் படுக்கையிலிருந்து அவர் எப்படி எழுப்புகிறார் என்று முதல் நாளே அருகில் நின்று பாருங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால், வயதில் மூத்தவராக இருந்தாலும், அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.